பாட்டி சிரித்த ஃப்ளாப்பி

கரோல்பாக் வீட்டைக் காலி செய்தபோது பாட்டியின் மர பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் டப்பா அகப்பட்டது. உள்ளே பத்து ஃப்ளாப்பிகள். ஒவ்வொரு லேபிளிலும் சித்தப்பாவின் சாய்ந்த கையெழுத்து: 'குதுப்மினார்', 'ரயில்', 'அம்மா 1', 'அம்மா 2', 'அம்மா 3'. எண்பதைத் தாண்டிய அப்பா ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார், நெகடிவைப் பார்ப்பதுபோல. கறுப்பு பிளாஸ்டிக்கில் என்ன தெரியும்?

"இதுக்குள்ளதானே அம்மா சிரிச்ச போட்டோ இருக்கு?" என்றார்.

1998 டிசம்பரில் சித்தப்பா நியூஜெர்சியிலிருந்து வந்தபோது எடுத்த போட்டோ அது. அவர் தோளில் தொங்கிய சமாசாரத்தைக் கேமரா என்று ஒப்புக்கொள்ள வீட்டில் யாரும் தயாராக இல்லை. பாட்டி அதை டிரான்சிஸ்டர் என்றே முடிவு செய்தாள். அரைக் கிலோவுக்கு மேல் எடை. கண்ணை வைத்துப் பார்க்கத் துவாரம் கிடையாது. முதுகில் இரண்டரை அங்குலத் திரை. பக்கவாட்டில் ஒரு மூடி. அதைத் திறந்து, கம்ப்யூட்டரில் போடும் அதே மூன்றரை அங்குல ஃப்ளாப்பியைச் செருகினார். சோனி கம்பெனியின் மேவிகா எஃப்டி-7. முந்தைய வருடம், 1997இல், விற்பனைக்கு வந்த மாடல். என்ன விலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சிரிப்பே பதில்.

பாட்டிக்குக் கேமரா என்றாலே ஆகாது. பல் போன பிறகு எடுத்த எல்லாப் படங்களிலும் வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டிருப்பாள், அல்லது கன்னத்தை உள்ளிழுத்துக் கோபமாக நிற்பாள். சித்தப்பா ஒரு படம் எடுத்து, கேமராவின் முதுகைத் திருப்பிக் காட்டினார். தன் மூஞ்சியை அந்தச் சின்னத் திரையில் பார்த்ததும் பாட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தலைப்பை மறந்தாள். அந்த நொடியில் அடுத்த படம். உள்ளே ஃப்ளாப்பி 'கர்ர்... கர்ர்...' என்று சுற்றி முடிக்கும்வரை ஏழெட்டு வினாடிகள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கேமராவை ஆட்டக் கூடாது என்பது சித்தப்பாவின் உத்தரவு.

மேவிகா வைத்திருந்த எவருக்கும் அந்தச் சத்தம் மறக்காது. அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் தொண்ணூறுகளின் கடைசியில் அந்தச் சத்தத்தோடுதான் டிஜிட்டல் புகைப்படத்துக்குள் நுழைந்தார்கள். அது அந்தக் காலத்தின் சிறந்த கேமரா அல்ல. குறுக்கே 640, நெடுக்கே 480 புள்ளிகள். மொத்தம் மூன்று லட்சத்துச் சொச்சம். பிலிமில் எடுத்துப் பழகியவர்களுக்கு அது கேலிக்குரிய கணக்கு. போதாக்குறைக்கு, ஃப்ளாப்பியில் அடங்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு படத்தையும் பிழிந்து சுருக்கிவிடும். தலைமுடி, புல்தரை, சேலைக்கரை எல்லாம் கொஞ்சம் கரைந்தாற்போல இருக்கும். வெயிலில் திரை தெரியாது. திரை தெரியாவிட்டால் குறி பார்க்க வேறு வழியும் கிடையாது. இவ்வளவு குறைகளோடும் அது அமோகமாக விற்றது.

காரணம் அந்த மூடிக்குள் இருந்தது. சாதாரண ஜனங்களுக்கான டிஜிட்டல் கேமராக்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன. 1994இல் வந்த ஆப்பிளின் குவிக்டேக் 100, பெரிய அளவில் எடுத்தால் எட்டே எட்டுப் படங்கள் கொள்ளும். எடுத்ததைப் பார்க்கத் திரை கிடையாது. 1995இல் கேசியோவின் க்யூவி-10 திரையோடு வந்து, பின்னால் திரை என்ற பழக்கத்தையே உண்டாக்கியது. அதில் 96 படங்கள் எடுக்கலாம், ஆனால் படம் 320க்கு 240 புள்ளிதான். இவற்றிலெல்லாம் எடுத்த படத்தை வெளியே கொண்டுவருவது ஒரு தவம். கம்ப்யூட்டரின் பின்பக்கம் கேபிளைச் சொருகி, கேமராவோடு வந்த புரோகிராமை ஏற்றி, அது கேமராவைக் கண்டுகொள்கிறதா என்று காத்திருந்து, கண்டுகொண்டால் ஒவ்வொரு படமாக இறக்க வேண்டும். சீரியல் கேபிள் முழு வேகத்தில் ஓடினாலும் ஒரு மெகாபைட்டை இறக்க ஒன்றரை நிமிடம் போல ஆகும். முழு வேகத்தில் அது ஓடுவதும் அபூர்வம்.

மேவிகாக்காரர் ஃப்ளாப்பியை உருவி எடுத்து நீட்டுவார். அவ்வளவுதான். அன்று கம்ப்யூட்டர் இருந்த இடமெல்லாம் ஃப்ளாப்பி டிரைவும் இருந்தது. கேபிள் வேண்டாம், புரோகிராம் வேண்டாம், தெரிந்த பையனைக் கூப்பிட வேண்டாம். வாங்கியவர்கள் யார் என்று பார்த்தால் இது புரியும். புகைப்படக் கலைஞர்கள் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. வீட்டுத் தரகர்கள் வாங்கினார்கள். விபத்தில் நசுங்கிய காரைப் படம் எடுத்துக் கோப்பில் சேர்க்கும் இன்ஷூரன்ஸ்காரர்கள் வாங்கினார்கள். கணினி ஏலத்தில் பழம்பொருள் விற்றவர்களுக்கு அது கையோடு ஒட்டிய கருவி. பள்ளிக்கூடங்கள்தான் இதில் எனக்குப் பிடித்த கதை: ஒரே கேமரா, பிள்ளைக்கு ஒரு ஃப்ளாப்பி. சுற்றுலா போன இடத்தில் கேமரா கைமாறும்போது அவரவர் ஃப்ளாப்பியைப் போட்டுக்கொள்வார்கள். திரும்பி வந்ததும் யாருடைய படம் யாரிடம் என்ற சண்டையே இல்லை.

மேவிகா என்ற பெயருக்கு அதைவிட வயது அதிகம். 1981 ஆகஸ்டில் சோனி காட்டிய முதல் மேவிகா, தொலைக்காட்சிப் படத்தைக் காந்த வட்டில் உறைய வைப்பது, டிஜிட்டல் அல்ல. அந்த மாடல் கடைக்கே வரவில்லை. வட்டில் படம் பிடிக்கும் ஆசை மட்டும் பதினாறு வருடம் உயிரோடு இருந்து, ஊரெல்லாம் கிடைக்கும் வட்டாகப் பார்த்து இறங்கியது.

வைத்திருந்தவர்களின் புகழ்ச்சியில் அடுத்த இடம் பேட்டரிக்கு. சாதாரண பென்சில் பேட்டரிகளைத் தின்று தீர்த்த மற்ற கேமராக்களுக்கு நடுவே, மேவிகாவின் லித்தியம் பேட்டரி இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதைத் திரையிலேயே எழுதிக் காட்டும். அந்த ரக பேட்டரி சாகவும் இல்லை. சாந்தினி சவுக்கில், கூச்சா சௌத்ரி கேமரா மார்க்கெட்டில், கல்யாண வீடியோக்காரர்கள் எல்இடி விளக்குக்கு மாட்ட இன்றும் அதே வடிவத்தில்தான் வாங்கிப் போகிறார்கள்.

புலம்பலும் உண்டு. நல்ல தரத்தில் எடுத்தால் ஒரு ஃப்ளாப்பிக்குப் பதினைந்து இருபது படம், தரத்தைக் குறைத்தால் நாற்பது வரை. ஆகவே பை நிறைய ஃப்ளாப்பி சுமக்க வேண்டும். புதுப் பெட்டியிலும் ஒன்றிரண்டு சொத்தை இருக்கும் என்பது அனுபவஸ்தர்களின் பாடம். வீட்டிலேயே எல்லாவற்றையும் ஒருமுறை ஃபார்மேட் செய்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். புள்ளிகளின் எண்ணிக்கை கூடக்கூடத் தொல்லையும் கூடியது. பிற்கால மாடல்களில் பெரிய அளவில் எடுத்தால் ஒரு ஃப்ளாப்பி நாலைந்து படத்தில் நிரம்பிவிடும். 1.44 மெகாபைட் என்பது எந்தக் கேமராவுக்காகவும் வளராத அளவு. 2000இல் சின்ன சிடியில் பதியும் மேவிகா வந்தது. 2002இல் வந்த எஃப்டி-200 தான் ஃப்ளாப்பி மேவிகாவின் கடைசி வாரிசு.

ஃப்ளாப்பியின் கதையும் அதற்குள் முடியத் தொடங்கிவிட்டது. சித்தப்பா டில்லிக்கு வந்த அதே 1998இல்தான் ஆப்பிள் கம்பெனி ஃப்ளாப்பி டிரைவே இல்லாத ஐமேக்கை விற்க ஆரம்பித்தது. 2011 மார்ச்சில் சோனி ஜப்பானில் ஃப்ளாப்பி விற்பதையே நிறுத்தியது. எங்கும் கிடைக்கிறது என்பதற்காக நம்பி ஏறிய வண்டி.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஊருக்குத் திரும்பும்போது சித்தப்பா ஃப்ளாப்பிகளைப் பாட்டியிடமே கொடுத்துவிட்டுப் போனார். அவளுக்கென்று எடுத்த படம், அவளிடம்தான் இருக்க வேண்டும் என்றார். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. தெருமுனை கலர் லேபில் கேட்டதற்கு, பிலிம் ரோல் எங்கே என்றார்கள். பாட்டி அவற்றைப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தாள். 2001இல் போய்ச் சேர்ந்தாள். 2003இல் எங்கள் முதல் கம்ப்யூட்டர் வந்தபோது நான்தான் பத்தையும் போட்டுப் பார்த்து, படங்களை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினேன். பாட்டி சிரித்தாள். மூன்று வருடம் திரையில் சிரித்துக்கொண்டிருந்தாள். பிரிண்ட் போடலாம், போடலாம் என்றே காலம் போயிற்று. 2006இல் ஹார்ட் டிஸ்க் போனது. அடுத்து வாங்கிய கம்ப்யூட்டரில் ஃப்ளாப்பி போட வழியில்லை. டப்பா மறுபடி பீரோவுக்குள்.

அப்பாவின் கல்யாண போட்டோக்களின் நெகடிவ் இன்றும் அதே பீரோவில் இருக்கிறது. ஓரம் மஞ்சளாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. வெளிச்சத்தில் பிடித்தால் மாலையும் கழுத்துமாக அப்பா, கறுப்பு முகமும் வெள்ளை மீசையுமாகத் தெரிகிறார். அவரை எழுப்ப எந்த டிரைவும் வேண்டாம்.

நேரு பிளேஸில் தேடி ஒரு யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் வாங்கினேன். கடைக்காரர் அதை மேல்தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்துக்கொண்டே, பழைய மிஷின் ஏதாவது ஓட்டுகிறீர்களா என்று கேட்டார். பாட்டி என்று சொன்னால் புரிந்திருக்காது.

ஃப்ளாப்பியின் உறைக்குள் இருப்பது இரும்பு ஆக்சைடு பூசிய மெல்லிய பிளாஸ்டிக் வட்டு. நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும். படிக்கும் முனை அதன் மேல் உரசிக்கொண்டே போகும். டில்லியின் புழுதி, மழைக்கால ஈரம், புடவைக்கு இடையே போட்ட ரசகற்பூரம் இவற்றோடு இருபத்தைந்து வருடம். பூஞ்சை பூத்த வட்டைச் சுழலவிட்டால் பூஞ்சையோடு பூச்சும் சுரண்டப்பட்டுப் போகும் என்று படித்திருந்தேன். உலோகத் தகட்டை நகர்த்தி ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றில் வெள்ளையாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது. 'அம்மா 3' அதில் ஒன்று.

ஏழு ஃப்ளாப்பிகள் ஒரு முனகலும் இல்லாமல் திறந்தன. குதுப்மினார் கோணலாக நின்றது. ரயில் ஜன்னலில் என் முகம், இருபது வயது. பூஞ்சை பிடித்தவற்றின் உறையைப் பிரித்து, வட்டைச் சுத்தமான ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்து, வேறு உறையில் போட்டேன். ஒன்று பேசவே இல்லை. இன்னொன்றில் பாதி வந்தது. 'அம்மா 3' பட்டியலைக் காட்டியது. சிரித்த படம் பதினொன்றாவது என்பது எனக்கு மனப்பாடம்.

திறந்தது. மேலே சுவர்க் காலண்டர், பாட்டியின் வெள்ளைத் தலைமுடி, நெற்றி, சுருக்கம் விழுந்து இடுங்கிய இரண்டு கண்கள். மூக்குக்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். அந்த இடத்தில் வட்டு படிக்க முடியாமல் போயிருந்தது. சுருக்கிய படத்தில் நடுவே அறுந்தால் அறுந்ததுதான், கீழே உள்ளது கிடைக்காது. எந்த வாயை இருபது வருடம் தலைப்பால் மூடினாளோ, அதே வாய்.

நியூஜெர்சிக்குப் போன் செய்தேன். சித்தப்பாவுக்கு இப்போது காது மந்தம். இரண்டு தரம் சொன்ன பிறகு, "அதே பேர்ல குட்டி ஃபைல் ஒண்ணு இருக்கும் பாரு, 411-னு முடியும்" என்றார். மேவிகா ஒவ்வொரு படத்தோடும் ஒரு பொடிப் படத்தைத் தனியாக எழுதி வைக்கும். கேமராவின் திரையில் ஆறு ஆறாகப் படங்களை வரிசைப்படுத்திக் காட்ட. கம்ப்யூட்டருக்கு அதனால் உபயோகம் இல்லை. வைத்திருந்தவர்கள் பலர் அதைக் குப்பை என்று அழித்துவிடுவார்கள். ஃப்ளாப்பியில் இடத்தை அடைக்கிறது என்று எரிச்சல்படுவார்கள். நான் 2003இல் நகல் எடுத்தபோது அதை விட்டுவிட்டுத்தான் எடுத்தேன். ஃப்ளாப்பியிலிருந்து அழிக்க மட்டும் தோன்றவில்லை, சோம்பல் காரணமாக.

411 இருந்தது. 4,608 பைட். அதைச் சாதாரணப் படமாக மாற்றும் ஒரு சின்ன புரோகிராம் தேடிப் பிடிக்க ஒரு சாயங்காலம் ஆயிற்று. 64க்கு 48 புள்ளி, முழுதாக, கலரில்.

திரையில் அது தபால்தலை அளவுக்கு வந்தது. பெரிதாக்கினேன். பாட்டி கட்டம் கட்டமாகிப் போனாள். பழுப்பில் ஒரு கட்டம், வெள்ளையில் ஒன்று, நடுவே கறுப்பாக நாலைந்து. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மூக்கு இடிக்கிற தூரத்தில் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எழுந்து, சுவர் வரைக்கும் பின்னால் நடந்து போய்த் திரும்பி நின்றார்.

"இங்கேருந்து பாரு" என்றார். "வாயைத் திறந்துண்டு சிரிக்கறா."