ஊட்டி பாதிரியார் முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வரை: ஆயரிடம் யார் கேள்வி கேட்பது?

2016 ஜனவரியில் ஊட்டி மறைமாவட்டம் ஒரு முடிவெடுத்தது. அமெரிக்காவில் 16 வயதுப் பெண்ணிடம் பாலியல் குற்றம் செய்ததை கோர்ட்டில் ஒப்புக்கொண்டு, தண்டனை முடிந்து ஊர் திரும்பிய பாதிரியார் ஜோசப் பழனிவேல் ஜெயபால் மீதான இடைநீக்கம் ரத்து. ‘ரோமைக் கலந்து பேசித்தான் செய்தோம்’ என்பது மறைமாவட்டம் சொன்ன விளக்கம். அந்த முடிவுக்கு ஆயரும் ரோமும் போதும். ஞாயிறு தோறும் பூசைக்கு வருகிற, உண்டியலில் காசு போடுகிற, பிள்ளைகளை மறைக்கல்விக்கு அனுப்புகிற பொதுநிலையினர் அந்தக் கணக்கிலேயே இல்லை.

இந்த வழக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடலாம். ஏனென்றால், பிரச்சினை ஒரு பாதிரியாரோடு நிற்பதில்லை என்பது இதில் நன்றாகத் தெரிகிறது.

ஜெயபால் 2004-05ல் மினசோட்டா மாநிலத்தின் குரூக்ஸ்டன் மறைமாவட்டத்தில் வேலை செய்தார். 2005ல் இந்தியா வந்தவர் திரும்பிப் போகவில்லை. அங்கே புகார்கள் எழுந்தன, வழக்கும் பதிவானது. குரூக்ஸ்டன் ஆயர் ரோமுக்கு எழுதினார். சிறார்களுக்கு ஆபத்து வராதபடி அவரைக் கண்காணிக்கச் சொல்லி ஊட்டி ஆயர் அருளப்பன் அமல்ராஜுக்கு ரோமிலிருந்து தகவல் போனது. ஆக, 2006லேயே மூன்று இடங்களில் விஷயம் தெரியும். ஆனாலும் அவர் மறைமாவட்டத்தின் கல்வி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆம், கல்வி அலுவலகம்தான். 2010ல் சர்வதேச ஊடகங்களில் செய்தி வெடித்த பிறகுதான் இடைநீக்கம். 2012ல் தமிழ்நாட்டில் கைது, 2014ல் அமெரிக்காவிடம் ஒப்படைப்பு. 2015ல் ஒரு குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டார். பேரத்தின் பகுதியாக இன்னொரு பெண் தொடர்பான வழக்கு கைவிடப்பட்டது. தண்டனை ஓராண்டும் ஒரு நாளும்.

அதே குரூக்ஸ்டனில் இன்னொரு கதை. திருத்தொண்டர் பயிற்சியில் இருந்த ஒரு குடும்பஸ்தர், சிறுவயதில் ஒரு பாதிரியாரால் தனக்கு நேர்ந்ததை ஆயர் மைக்கேல் ஹெப்னரிடம் சொன்னார். அந்தக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெறும் கடிதத்தில் கையெழுத்துப் போடும்படி ஆயர் தன்னை நெருக்கினார் என்பது அவர் புகார். 2019ல் போப் பிரான்சிஸ் கொண்டுவந்த ‘வோஸ் எஸ்டிஸ் லுக்ஸ் முண்டி’ என்ற சட்டத்தின் கீழ் விசாரணை நடந்தது. போப் கேட்டுக்கொண்டபடி 2021 ஏப்ரலில் ஹெப்னர் பதவி விலகினார். குற்றம் செய்த பாதிரியார் ஒருபக்கம் இருக்க, அதை மூடி மறைத்ததாகச் சொல்லப்பட்ட ஆயர் மேலேயே நடவடிக்கை. அதைத் தொடங்கி வைத்தது ஒரு சாதாரண மனிதரின் புகார்.

சரி, இதுக்கும் ராஜபாளையத்துக்கும் என்ன சம்பந்தம்?

அந்தச் சட்டம் மினசோட்டாவுக்கு மட்டுமல்ல. உலகத்தின் எல்லா மறைமாவட்டத்துக்கும் பொருந்தும். 2023ல் நிரந்தரமாகவும் ஆக்கப்பட்டது. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இருக்கும் ஒரு பங்கின் அன்பியக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். புகார் வாங்க ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் மக்களுக்குத் தெரியும்படி ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது, ‘வெளியே சொல்லாதே’ என்று வாயைக் கட்டவும் கூடாது. ஆயர் மீதே புகார் என்றால் பேராயரிடம் போகலாம், டெல்லியில் உள்ள திருத்தந்தையின் தூதரிடம் போகலாம், நேரடியாக ரோமுக்கும் எழுதலாம்.

ஓட்டை எங்கே என்றால், ஆயரை விசாரிப்பதும் இன்னொரு ஆயர்தான். பொதுநிலை வல்லுநர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. சேர்த்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த ‘லாம்’தான் இடிக்கிறது.

திருச்சபைச் சட்டத்தோடு நின்றுவிட வேண்டிய அவசியமும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு பால்கோவா, ஆண்டாள் கோயில். விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு கோர்ட். மாவட்டத் தலைநகர் விருதுநகராக இருந்தாலும் மாவட்ட நீதிமன்றமும் போக்சோ நீதிமன்றமும் இங்கேதான். அருப்புக்கோட்டை கல்லூரிப் பேராசிரியை நிர்மலா தேவி வழக்கில் 2024 ஏப்ரலில் 10 ஆண்டு தண்டனை வந்ததும் இந்த ஊர் மகளிர் விரைவு நீதிமன்றத்தில்தான். நிறுவனத்தின் பெயர் பெரிது என்பதற்காக வழக்கு நிற்காது என்று இந்த மாவட்டம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது.

போக்சோ சட்டத்தின் 19வது பிரிவின்படி, குழந்தைக்கு எதிராகக் குற்றம் நடந்தது தெரிந்தால் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். பங்குத்தந்தை, சிஸ்டர், வேதியர், பங்குப் பேரவை உறுப்பினர் யாருக்கும் விலக்கு இல்லை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ‘சாமியார் மேல புகார் சொல்லி, நாளைக்கு நம்ம மேல கேஸ் வந்தா?’ என்று பயப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 21வது பிரிவு இன்னும் கூர்மையானது: ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழே இருப்பவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காவிட்டால் ஓராண்டு வரை சிறை. அந்த நிறுவனம் ‘எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும்’ என்று சட்டமே சேர்த்துச் சொல்கிறது. தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது கடுமையான குற்றம் என்று உச்ச நீதிமன்றமும் 2022 நவம்பரில் சொல்லிவிட்டது.

இதற்கு வழக்கமாக வரும் பதில்: ‘இப்ப இருக்கிற அரசியல் சூழல்ல நாமளே நம்ம சபையை அசிங்கப்படுத்தணுமா?’ சிறுபான்மையினருக்கு இருக்கும் அந்தப் பயம் பொய்யில்லை. நாளை இந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் யார் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் ஊட்டி விஷயத்தில் சபையை அசிங்கப்படுத்தியது யார்? புகார் கொடுத்த பெண்ணா, தெரிந்தும் பேசாமல் இருந்தவர்களா?

இன்னொரு பதில், பொய்ப் புகார் பற்றியது. நியாயமான கவலை. ஜலந்தர் ஆயர் பிராங்கோ முலக்கல் 2018ல் கைதானார்; 2022 ஜனவரியில் கோட்டயம் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதற்கு அடுத்த ஆண்டு அவர் பதவி விலகினார். புகார் கொடுத்த சிஸ்டருக்காக கொச்சி வஞ்சி சதுக்கத்தில் சக சிஸ்டர்கள் உட்கார்ந்த பிறகுதான் வழக்கே வேகம் எடுத்தது. முதல் புகாரிலேயே வெளிப்படையான விசாரணை நடந்திருந்தால் இரண்டு தரப்புக்கும் அவ்வளவு வருடம் வீணாகியிருக்காது.

பிரான்சில் ஆயர்களே சுதந்திரமான ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். 1950 முதல் குருக்கள், துறவியரால் பாதிக்கப்பட்ட சிறார்கள் சுமார் 2,16,000 பேர் இருக்கலாம் என்று அது 2021ல் மதிப்பிட்டது. இந்தியத் திருச்சபை அப்படி ஒரு கணக்கை இதுவரை எடுக்கவில்லை.

அது நடக்கும்வரை உள்ளூரில் கேட்கக்கூடிய கேள்விகள் இருக்கின்றன. அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் கையைத் தூக்கி, ‘நம்ம மறைமாவட்டத்துல புகார் வாங்குறது யாரு, போன் நம்பர் என்ன, அந்தக் குழுவுல பொதுநிலையினர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர்?’ என்று கேட்கலாம். புதிதாக வரும் பங்குத்தந்தை முந்தைய இடத்திலிருந்து ஏன் மாற்றப்பட்டார் என்றும் கேட்கலாம். மேய்ப்பர்களிடம் கருத்தைச் சொல்வது விசுவாசிகளின் உரிமை, சில நேரம் கடமையும்கூட என்று 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 212வது பிரிவு சொல்கிறது. பதில் வராவிட்டால், எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டு, நகல் வைத்துக்கொண்டு. குழந்தை ஆபத்தில் இருப்பது தெரிந்தால் கூட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்: 1098.