அங்கோரா முயலும் நம் அமானிதமும்

நீள்முடி முயல் வளர்க்கும் வீடுகளிலிருந்து நம்மிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: அதன் முடி ஒட்டிய உடையுடன் தொழலாமா? தாராளமாகத் தொழலாம். முயல் ஹலாலான பிராணி; உயிருடனிருக்கையில் உதிரும் அதன் முடி, ஆட்டு ரோமத்தைப் போலவே சுத்தமானது. சிறுநீரும் புழுக்கையும் பட்ட இடத்தைத்தான் கழுவ வேண்டும். ஆனால் அதே முடியால் முயல் படும் பாட்டைக் கேட்போர் அரிது.

அங்கோரா என்பது துருக்கியின் அங்காரா நகருடைய பழைய பெயர். நம் நாட்டில் இவ்வினத்தை வளர்த்து ஆராயும் அரசு நிலையம் குளிர்மிக்க குல்லு பள்ளத்தாக்கில், கார்சாவில் இருக்கிறது. அந்தக் கம்பளியைக் காயல்பட்டினத்துச் சித்திரை வெயிலில் சுமக்கச் சொல்கிறோம். முயலுக்கு நம்மைப்போல் வியர்க்காது. உடற்சூட்டைப் பெரிதும் காதுகளின் வழியாகவே அது வெளியேற்றுகிறது.

உடலை நக்கித் தூய்மை செய்கையில் முடியையும் விழுங்கிவிடும். பூனையைப் போல் அதைக் கக்கிவிட முயலால் இயலாது. உலர்புல் குறைந்தால் குடல் இயக்கம் மந்தமாகி உயிருக்கே ஆபத்தாகும். பின்புறத்தில் புழுக்கை ஒட்டிச் சிக்குப் பிடித்தாலோ, ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும்.

ஆகவே வாரம் இருமுறையேனும், முடி உதிரும் பருவத்தில் நாள்தோறும், சீப்பெடுக்க வேண்டும். சிக்கை விரலால் மெல்லப் பிரிக்கவேண்டும்; தோல் மிக மெல்லியது, இழுத்துக் கத்தரித்தால் தோலும் சேர்ந்து கிழியும். குளிப்பாட்டுவது கூடாது. மல்லாத்திப் பிடித்தால் அசையாமல் கிடக்கிறதே என்று சிலர் மகிழ்கிறார்கள்; அது சுகமன்று, அச்சம். பின்னங்கால்களைத் தாங்கிப் பிடிக்காவிட்டால் அது உதறுகிற வேகத்தில் அதன் முதுகெலும்பே முறியக்கூடும்.

வெப்பமான ஊர்களில் முடியை ஓர் அங்குல அளவுக்குக் குறைத்துவிடுவதே சரி என்பது நம் கருத்து. அழகு போய்விடும் என்று பிள்ளைகள் சிணுங்குவார்கள், சிணுங்கட்டும்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்ட செய்தியை மதரஸாவில் சிறுவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். தீனி போட்டால் போதும் என்று அவர்கள் அதை விளங்கிக்கொள்கிறார்கள், பெரியவர்களும் அப்படித்தான். தன்னால் பேண இயலாத முடியுடன் கூண்டில் அடைபட்ட பிராணிக்குச் சீப்பும் தீனியைப் போன்ற உரிமையே. பல வீடுகளில் பெருநாள் பரிசு வாப்பாவுடையது, சீப்பு உம்மாவுடையது. வாங்கித் தந்தவரே வாரத்தில் ஒருநாள் அதை மடியில் வைத்துச் சிக்கெடுக்கட்டும், பிள்ளை அருகிருந்து பார்க்கட்டும். அதற்கு நேரமில்லாதவர்கள் குட்டைமுடி முயலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.