ஷேக்ஸ்பியரைக் கொல்லலாமா?

இது விளம்பரம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கட்டுரை படித்த பிறகு, "அடடா, இந்த மனுஷன் ஏதோ சரக்கு விற்கப் பார்க்கிறானே" என்று வாசகர் கோபித்துக்கொள்வதைவிட, வாசலிலேயே பலகையை மாட்டிவிடுவது நல்லது அல்லவா? நான் விற்க வந்திருக்கும் சரக்கு ஒரு படக்கதை. 'கில் ஷேக்ஸ்பியர்' என்று பெயர். ஷேக்ஸ்பியரைக் கொல் என்று அர்த்தம். கானர் மக்ரீரி, ஆன்டனி டெல் கோல் என்று கனடா தேசத்துக்காரர்கள் இரண்டு பேர் எழுத, ஆன்டி பெலஞ்சர் என்பவர் படம் போட்டு, 2010-ம் வருஷம் முதல் இதழ் வெளிவந்தது. அவர்களை எனக்குத் தெரியாது. என்னை அவர்களுக்குத் தெரிய நியாயமே இல்லை. ஆகவே கமிஷன் கிடையாது.

என் மேஜைமேல் இந்தப் புஸ்தகம் கிடந்ததை ஒரு நண்பர் பார்த்தார். ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் அட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"நாவல் எழுதுகிறவர் நீங்கள். இதைப் போய் ஊருக்கெல்லாம் சிபாரிசு செய்கிறீர்களாமே?" என்றார்.

"செய்கிறேன்" என்றேன்.

"ஜூலியட் செத்துப்போய் நானூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதிலே கத்தியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். இது என்ன அக்கிரமம்?"

பேராசிரியர் நல்லவர். ஷேக்ஸ்பியரை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். அவருக்கு நேரில் சரியாகப் பதில் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது, வேறு பேச்சுக்குப் போய்விட்டோம். இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிட வேண்டும். ஹாம்லெட், தவறுதலாகப் பொலோனியஸைக் கொன்றுவிட்டுக் கப்பலேற்றப்படுகிறானே, அங்கிருந்து புறப்படுகிறது. கப்பல் இங்கிலாந்துக் கரையில் அவனைத் தள்ளிவிடுகிறது. அங்கே அரசாள்பவன் மூன்றாம் ரிச்சர்டு. அவன் ஹாம்லெட்டிடம் ஒரு பேரம் பேசுகிறான்: இந்த நாட்டில் ஷேக்ஸ்பியர் என்று ஒரு மாயாவி ஒளிந்துகொண்டிருக்கிறான், அவனுடைய இறகுப் பேனாவை என்னிடம் கொண்டுவந்து கொடு, உன் தகப்பனாரை உயிரோடு திருப்பித் தருகிறேன். ரிச்சர்டோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறாள் மாக்பெத்தின் மனைவி. இயாகோவும் இருக்கிறான், எந்தப் பக்கம் என்றுதான் நிச்சயமில்லை. எதிர்ப்பக்கத்தில் ஒரு கலகக் கூட்டம். அதற்குத் தலைவி ஜூலியட். துணைக்கு ஒதெல்லோவும் தொந்தி பெருத்த ஃபால்ஸ்டாஃபும். இவர்களுக்கு ஷேக்ஸ்பியர் கடவுள். அவன் வந்தால் விடிவு வரும் என்று நம்புகிறார்கள். ஹாம்லெட் நடுவில் நின்று வழக்கம்போலத் தயங்குகிறான்.

தம்மைப் படைத்தவனைக் கொல்வதா கும்பிடுவதா என்று பாத்திரங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்கின்றன. இதைவிடச் சுவாரஸ்யமான ஒரு முடிச்சை நான் சமீபத்தில் எந்த நாவலிலும் படிக்கவில்லை. என் நாவல்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

செத்தவளை எழுப்பலாமா என்கிறார் பேராசிரியர். லியர் அரசனின் கதையை அவருக்கு ஞாபகப்படுத்துகிறேன். ஷேக்ஸ்பியருக்கு முன்பே அந்தக் கதை நாடகமாக மேடை ஏறியிருந்தது. 1605-ல் அது அச்சாகவும் வந்தது. அந்தப் பழைய நாடகத்தில் கிழவன் சாகவில்லை. கடைசி மகளும் சாகவில்லை. ராஜ்யம் திரும்பக் கிடைக்கிறது, சுபம். உயிரோடிருந்த இரண்டு பேரையும் கொன்றவர் நம் ஷேக்ஸ்பியர்தான். பிற்பாடு 1681-ல் நேஹம் டேட் என்பவர் வந்து இரண்டு பேரையும் மறுபடி எழுப்பி, மகளுக்கு எட்கரோடு கல்யாணமும் செய்துவைத்தார். ஒரு நூற்றைம்பது வருஷம் இங்கிலாந்து மேடையில் அந்தக் கல்யாணச் சாப்பாடுதான் பரிமாறப்பட்டது. 1838-ல் மக்ரெடி என்ற நடிகர் மூலநாடகத்தை மீட்டு நடிக்கும்வரை இந்தக் கூத்து. ஜூலியட்டுக்கு வருவோம். ஆர்தர் புரூக் 1562-ல் எழுதிய பாட்டுக் கதையிலிருந்து எடுத்த பெண் அவள். அங்கே அவளுக்குப் பதினாறு வயது. ஷேக்ஸ்பியர் அவளைப் பதினாலு நிரம்பாத குழந்தையாக்கினார். ஹாம்லெட் டேனிஷ் தேசத்துப் பழைய சரித்திரக் கதை. ஒதெல்லோ ஓர் இத்தாலியக் கதை. மாக்பெத் ஹாலின்ஷெட்டின் சரித்திரப் புஸ்தகத்திலிருந்து வந்தவன். இரவல் வாங்கிய நகையைத் தம் இஷ்டப்படி அழித்துச் செய்தவர் அந்த மனிதர். அவர் வீட்டு நகையை இப்போது இன்னொருத்தன் அழித்துச் செய்தால் மட்டும் போலீஸுக்குப் போவதா?

டேட் செய்ததும் மக்ரீரி செய்ததும் ஒன்றா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டேட், ஷேக்ஸ்பியரின் பெயரிலேயே, ஷேக்ஸ்பியரின் இடத்திலேயே தம்முடைய சரக்கை உட்கார வைத்தார். மூலம் மேடையைவிட்டு ஓடவேண்டி வந்தது. இந்தப் படக்கதையோ, நான் அது இல்லை என்று அட்டையிலேயே கத்துகிறது. இதைப் படித்துவிட்டு ஹாம்லெட் நாடகம் படித்துவிட்டதாக எந்தப் பையனும் சொல்லிக்கொள்ள முடியாது. என்னுடைய வாதத்துக்கு ஆதாரமே இதுதான்.

ஏனென்றால், நாடகத்துக்கு ஆபத்து வேறு இடத்திலிருந்து வருகிறது. மரியாதையாக வருகிறது. நான் கல்லூரியில் படித்தபோது எங்களுக்கு வெனிஸ் வர்த்தகன் பாடம். வகுப்பில் வாத்தியார் உரை சொல்வார். நாங்கள் ஓரத்தில் எழுதிக்கொள்வோம். கடைத்தெருவில் மலிவாக நோட்ஸ் விற்றது. கதைச் சுருக்கம், பாத்திர குணம், பரீட்சைக்கு வரக்கூடிய பத்துக் கேள்விகள், பதில்கள். நான் நோட்ஸைத்தான் படித்தேன். நல்ல மார்க் வாங்கினேன். அந்த வருஷம் முழுவதும் ஷைலக் என்று ஒரு மனிதன் மூச்சு விடுகிறான் என்பதே எனக்குத் தெரியாது. மார்க் வாங்கிக் கொடுத்த மரியாதை இது.

படக்கதையிலும் இந்த மரியாதைக்காரர்கள் உண்டு. அமெரிக்காவில் ஆல்பர்ட் கான்டர் என்பவர் 1941-ல் பேரிலக்கியங்களைப் படக்கதையாக்கும் வரிசையைத் தொடங்கினார். ருஷ்யாவிலிருந்து குடியேறியவர். குழந்தைகள் நல்ல புஸ்தகம் படிக்கவேண்டும் என்ற அவருடைய ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். 1950-ல் ஜூலியஸ் ஸீஸர், பிறகு ஹாம்லெட், மாக்பெத், ரோமியோ ஜூலியட் என்று வரிசையாகப் போட்டார். மூலத்தையும் தேடிப் படியுங்கள் என்று கடைசியில் ஒரு புத்திமதி வேறு. எத்தனை பிள்ளைகள் தேடினார்களோ, அவர்களுக்கே வெளிச்சம். மறுநாள் பரீட்சை என்றால் எதைப் படிப்பான் பையன்? இங்கிலாந்தில் 2007-ல் கிளாஸிகல் காமிக்ஸ் என்ற பதிப்பகம் ஐந்தாம் ஹென்றியைக் கொண்டுவந்தது. ஒரே படங்கள், வசனம் மட்டும் மூன்று தினுசு. மூல வசனம் ஒரு பதிப்பு, இன்றைய ஆங்கிலத்தில் ஒரு பதிப்பு, அவசரக்காரர்களுக்குச் சுருக்கமாக ஒரு பதிப்பு. படம் அழகாக இருக்கிறது. மூல வசனப் பதிப்பை நான் ஆசையாகவே புரட்டினேன். மூன்றாவது பதிப்பைப் பார்த்தபோது கல்லூரிக் கடைத்தெரு ஞாபகம் வந்துவிட்டது. சொல்லை எடுத்துவிட்டால் ஐந்தாம் ஹென்றியில் மிஞ்சுவது ஒரு படையெடுப்பு. படையெடுப்பைச் சரித்திரப் புஸ்தகத்திலேயே படித்துக்கொள்ளலாமே!

பண்டிதர்களின் கோபம் இவற்றின்மேல் பாய்வதில்லை. பள்ளிக்கூடத்துக்கு உபயோகம் என்று ஆசீர்வதித்துவிடுகிறார்கள். உபயோகமில்லாமல், வெறும் ஆசையால் செய்த காரியத்தின்மேல்தான் பாய்கிறார்கள். இது நேற்று வந்த வழக்கம் அல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் பாட்லி என்ற பிரபு 1602-ல் பெரிய புஸ்தகசாலை ஒன்றைத் திறந்தார். அச்சிட்ட நாடகங்களை அதற்குள் விடக்கூடாது, அவை குப்பை என்று 1612-ல் தம் நூலகருக்குக் கடிதமே எழுதினார். அப்போது ஷேக்ஸ்பியர் உயிரோடிருந்தார். பிற்பாடு 1623-ல் அச்சான அவருடைய பெரிய தொகுதி அந்தச் சாலைக்கு எப்படியோ வந்து சேர்ந்தது. புதிய பதிப்பு ஒன்று வந்ததும் பழசு எதற்கு என்று அதைக் கழித்துவிட்டார்கள். அதே பிரதி மறுபடி கண்ணில் பட்டபோது, ஊரெல்லாம் சந்தா வசூலித்து மூவாயிரம் பவுன் கொடுத்து 1906-ல் திரும்ப வாங்கினார்கள். அந்த மூவாயிரம் பவுனை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. பேராசிரியருக்கு இதை நான் சொன்னதில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

நம்மிடத்திலும் இந்தக் காரியத்தைத் துணிந்து செய்தவர் இருந்தார். சென்னையில் 1891-ல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார், ஹாம்லெட்டை அமலாதித்யன் ஆக்கினார். மாக்பெத் மகபதி ஆனான். வெனிஸ் வாணீபுரம் ஆயிற்று. அந்தப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், என்ன குறும்பு! நோட்ஸ் போடுகிறவனுக்கு இந்தக் குறும்பு வருமா? மூலத்தோடு உறவு கொண்டாடுகிறவனுக்குத்தான் வரும்.

இனி, விற்கிற சரக்கின் குறையையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நானும் தரகன் ஆகிவிடுவேன். 'கில் ஷேக்ஸ்பிய'ரின் பாத்திரங்கள் பழைய ஆங்கிலம் பேசப் பார்க்கிறார்கள். பல இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். ஷேக்ஸ்பியரின் பாத்திரங்கள் வாயில் அரைவேக்காட்டுப் பழைய மொழி வருவது, சங்கீத வித்வானின் பேரன் சுருதி விலகிப் பாடுகிற மாதிரி காதில் குத்துகிறது. இன்றைய மொழியிலேயே பேசவிட்டிருக்கலாம். ரத்தமும் கொஞ்சம் அதிகம். ஆனால் நாடகத்தில் இளவரசனுக்குத் தகப்பன்போல் விளங்கும் ஃபால்ஸ்டாஃப் இங்கே ஹாம்லெட்டுக்குத் தகப்பன் ஸ்தானத்தில் நிற்கிறான். தகப்பனைப் பறிகொடுத்தவனுக்கு அருகில் அந்தத் தொந்தியைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டுமென்று யாருக்கோ தோன்றியிருக்கிறதே, அவன் நாடகங்களை நோட்ஸில் படித்தவன் அல்ல.

"சரி, நல்ல புஸ்தகம் என்றால் தானே விற்கும். நீங்கள் ஏன் தமுக்கு அடிக்கவேண்டும்?" இது பேராசிரியரின் இரண்டாவது கேள்வி. தானே விற்கும் என்பது பொய். அமெரிக்காவில் இந்த மாதிரி இதழ்கள் எப்படிக் கடைக்கு வருகின்றன தெரியுமா? வெளியாவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே, ஒரு பட்டியலைப் பார்த்துக் கடைக்காரர் எண்ணிக்கை சொல்லவேண்டும். சொன்னபின் விற்காமல் தேங்கினால் பெரும்பாலும் திருப்பித் தர முடியாது, நஷ்டம் அவருடையது. ஸூப்பர்மேன் என்றால் ஐம்பது பிரதி எழுதுவார். பெயர் கேள்விப்படாத இரண்டு பேர் ஷேக்ஸ்பியரைக் கொல்லப்போகிறோம் என்றால் இரண்டு பிரதி எழுதுவார், அல்லது பக்கத்தைப் புரட்டிவிடுவார். புஸ்தகம் பிறக்கும் முன்பே அதன் ஆயுள் கணக்கு முடிந்துபோகிறது. விநியோகமோ வெகுகாலம் அநேகமாக ஒரே கம்பெனியின் கையில் இருந்தது. டயமண்ட் என்ற அந்தக் கம்பெனியே 2025 ஜனவரியில் திவால் மனு போட்டது. சின்ன ஆட்களின் பாடு அதற்கப்புறம் இன்னும் கஷ்டம். பெரிய முதலாளி பின்னால் இல்லாதவன் தன் சரக்கைத் தானே தலையில் சுமந்து கூவவேண்டும். பிடித்தவர்கள் கூட நின்று கூவவேண்டும்.

கூவுவது கேவலமா? ஷேக்ஸ்பியரின் கொட்டகை இருந்த தேம்ஸ் தென்கரையில் கரடிச் சண்டையும் நடந்தது. எதிர்க்கடைக்குக் கூட்டம் போய்விடாமல் இருக்க, நாடகம் உள்ள நாளில் கூரைமேல் கொடி ஏற்றுவார்கள், எக்காளம் ஊதுவார்கள். ஒரு பென்னி கொடுத்தவன் முற்றத்தில் நின்று பார்த்தான். அந்த எக்காளம் ஊதியவன் வெட்கப்பட்டிருந்தால் பேராசிரியருக்குப் பாடம் நடத்த நாடகம் ஏது?

முதல் பன்னிரண்டு இதழ்களையும் சேர்த்து இரண்டு தொகுதிகளாகப் போட்டிருக்கிறார்கள். ஐ.டி.டபிள்யூ. என்ற பதிப்பகம். முதல் தொகுதியில் தொடங்குங்கள். இரண்டாவதை மட்டும் எடுத்தால் தலைகால் புரியாது. என் பிரதியைக் கேட்டு இதற்குள் மூன்று பேர் ஆள் அனுப்பியாகிவிட்டது. பேராசிரியரும் ஒருவர், "சும்மா பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று. யாருக்கும் இரவல் கொடுப்பதாக இல்லை. விலை கொடுத்து வாங்குங்கள்.