பூட்டுமுன் விடுவிக்கக் கற்பியுங்கள்

கட்டா குஸ்தியின் நினைவு மங்காத மட்டாஞ்சேரியில், ஜியு-ஜிட்சு பயில்வோரிடையே ஒரு வாதம் அடிக்கடி எழுகிறது: "கால்பூட்டு ஆபத்தானது, பழுப்புப் பட்டை பெறும்வரை அதைத் தொடவே கூடாது." அக்கறைபோல் ஒலிக்கும் இவ்வாதம் வளர்ப்பது அறியாமையையே.

ஐபிஜேஜேஎஃப் கூட்டமைப்பின் விதிகள் நேரான கணுக்கால் பூட்டைப் பெரியோர் பிரிவின் வெள்ளைப் பட்டையினருக்கே அனுமதிக்கின்றன. ஹீல் ஹூக்கை 2021 முதல், கி உடையற்ற போட்டிகளில், பழுப்பு, கருப்புப் பட்டையினருக்கு மட்டும் அனுமதிக்கின்றன. போட்டிக்கு அவ்வரம்பு நியாயமானதே. அதையே பாடத்திட்டமாகக் கொள்வதுதான் பிழை.

கைப்பூட்டில் பெரும்பாலும் வலி முன்னறிவிக்கும். குதிகாலை முறுக்கும்போதோ விசை முழங்காலுக்குப் பாய்கிறது. வலி உணரப்படுமுன்பே தசைநார் கிழியலாம். அப்பிடியை அறியாதவன் தவறான திசையில் திமிறித் தன் காலைத் தானே முறித்துக்கொள்கிறான்.

ஆசிரியர்களே, முதல் மாதத்திலேயே மூன்றைக் கற்பியுங்கள்: பிடியை அடையாளம் காணல், வலிக்குக் காத்திராமல் தட்டுதல், முழங்காலை விடுவித்தல். தாக்கும் முறை பின்னர் வரட்டும். அதுவும் பிடித்து நிறுத்துவதுவரை மட்டுமே, முறுக்குதல் வேண்டா. தட்டுவதை இழிவாகக் கருதும் கூடத்தில் எந்தப் பூட்டும் பாதுகாப்பானதன்று.