ஏடும் ஆட்டமும்

நாட்டுப்புறக் கலையை ஏட்டில் எழுதிவைத்தால் மட்டும் காத்துவிட இயலுமா? இங்கிலாந்தின் நடன வரலாறு இதற்கு விடை தருகிறது.

ஆணும் பெண்ணும் ஆடும் அந்நாட்டுக் குழு நடனங்கள் 105-ஐ ஜான் பிளேஃபோர்டு 1651-இல் இசைக்குறிப்புடன் நூலாக வெளியிட்டார். காலப்போக்கில் அவற்றுட் பல வழக்கொழிந்தன. ஏடு இருந்தது, ஆடுவோர் இல்லை.

1899-ஆம் ஆண்டு டிசம்பரில், பனியால் வேலையிழந்த கட்டடத் தொழிலாளர் சிலர் பொருள் வேண்டி ஆக்ஸ்போர்டை அடுத்த ஹெடிங்டனில் மாரிஸ் நடனம் ஆடினர். வில்லியம் கிம்பர் கான்செர்ட்டினா வாசித்தார். அதனைக் கண்ட செசில் ஷார்ப், அவ்விசையைக் குறித்துக்கொண்டார்; பின்னர்ப் பிளேஃபோர்டு நூலின் நடனங்களுக்கும் விளக்கம் எழுதினார். மேரி நீல் என்பவரோ 1905-இல் கிம்பரையே இலண்டனுக்கு வரவழைத்து, தையல் தொழில் செய்த இளம்பெண்களுக்கு ஆட்டம் கற்பிக்கச் செய்தார். முறை பிறழாமையே முதன்மை என்றார் ஷார்ப். ஆடுவோரின் உவகையே முதன்மை என்றார் நீல். இருவரும் பிற்காலத்தில் முரண்பட்டுப் பிரிந்தனர்.

ஷார்ப்பின் உழைப்பு இன்றேல் பல மெட்டுகள் மறைந்திருக்கும். அதனை மறுத்தல் நன்றியன்று. ஆயினும், ஏடு கலையை நினைவூட்டுமேயன்றி வாழ்விக்காது. கற்பிக்கக் கிம்பரும் கற்க இளையோரும் உள்ளவரையே கலை உயிர்த்திருக்கும்.