மைன்கிராஃப்ட் சர்வர்: எந்த மென்பொருளை நம்பி உங்கள் உலகத்தை ஒப்படைப்பது?

வெள்ளிக்கிழமை இரவு. ஆபீஸ் நண்பர்கள் ஏழெட்டு பேர் மைன்கிராஃப்டில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதில் ஒருவர் கேட்கிறார்: "நாமளே சொந்தமா ஒரு சர்வர் போட்டா என்ன?" நல்ல யோசனைதான். ஆனால் தேட ஆரம்பித்ததும் வெனிலா, ஸ்பிகாட், பேப்பர், ஃபேப்ரிக், ஃபோர்ஜ் என்று வரிசையாகப் பெயர்கள் வந்து நிற்கும். 'எது ஃபாஸ்ட்?' என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அதைவிட முக்கியமான கேள்வி வேறு: இதைப் பராமரிப்பது யார்? நாளை ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்கப்போவது யார்?

இவ்வளவு மென்பொருள்கள் ஏன்?

ஸ்டாக்ஹோமில் உள்ள மோஜாங் நிறுவனம் இந்த விளையாட்டின் முழுப் பதிப்பை 2011 நவம்பரில் வெளியிட்டது. ஜாவா பதிப்புக்கான சர்வர் மென்பொருளை மோஜாங்கே இலவசமாகத் தருகிறது. அதைத்தான் வெனிலா என்கிறார்கள்.

சர்வருக்குள் அந்த உலகம் நொடிக்கு 20 முறை துடிக்கிறது. ஒரு துடிப்புக்குப் பெயர் டிக்; அதற்குக் கிடைக்கும் நேரம் 50 மில்லிசெகண்ட். பயிர் வளர்வது, ஜாம்பி நடப்பது, தண்ணீர் ஓடுவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால்தான் நீங்கள் 'லேக்' என்று திட்டுகிறீர்கள். இந்த வேலையில் பெரும்பகுதி ஒரே பிராசஸர் கோரில்தான் நடக்கிறது. அதனால் 16 கோர் இருக்கிறது என்று விளம்பரம் செய்யும் சர்வரைவிட, வேகமான ஒரு கோர் உள்ள சர்வரே உங்களுக்கு உதவும்.

வெனிலாவில் பிளகின் போட முடியாது. அந்தக் குறையைத் தீர்க்க ரசிகர்கள் எழுதியவைதான் மற்ற மென்பொருள்கள். அவற்றில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது பக்கிட்.

2014-ல் நடந்தது என்ன?

பக்கிட்டின் முக்கிய டெவலப்பர்களை 2012-ல் மோஜாங் வேலைக்கு எடுத்துக்கொண்டது. 2014 ஆகஸ்டில், திட்டத்தை மூடப்போவதாக அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அறிவித்தார். உடனே மோஜாங், 'பக்கிட் எங்களுக்குச் சொந்தமானது, மூட முடியாது' என்றது. இத்தனை நாள் சம்பளமில்லாமல் கோடு எழுதிக் கொடுத்த தன்னார்வலர்கள் பலருக்கு இது அதிர்ச்சி.

அவர்களில் ஒருவர் சட்டரீதியாகக் கேள்வி எழுப்பினார். 'என் கோடு ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தின் கீழ் இருக்கிறது. மோஜாங்கின் மூடிய கோடோடு கலந்து அதை வெளியிட முடியாது' என்பது அவர் வாதம். அமெரிக்கக் காப்புரிமைச் சட்டப்படி அவர் நோட்டீஸ் அனுப்பியதும், அந்த செப்டம்பரில் பக்கிட் சர்வரின் டவுன்லோடுகள் காணாமல் போயின. அதை நம்பியிருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

ஸ்பிகாட் குழு ஒரு மாற்று வழி கண்டது. முழு சர்வர் கோப்பைத் தருவதற்குப் பதில், அதை உங்கள் கணினியிலேயே உருவாக்கிக்கொள்ள ஒரு கருவியைத் தந்தது. ஸ்பிகாட்டிலிருந்து பிறந்த பேப்பரும் முதல் முறை ஓடும்போது மோஜாங்கின் கோப்பை இறக்கி, அதன்மேல் தன் மாற்றங்களை ஒட்டுகிறது. 2024 டிசம்பரில் பேப்பர் குழு, இனி ஸ்பிகாட்டைப் பின்தொடராமல் தனிப்பாதையில் போவதாக அறிவித்தது. அதாவது, பேப்பருக்கென்றே எழுதப்படும் பிளகின் ஸ்பிகாட்டில் ஓடும் என்ற உத்தரவாதம் இல்லை. பிளகின் தேர்வு செய்யும்போது இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்போ எதைத்தான் எடுக்கறது?

ரெண்டு மூணு பேர், எந்த மாற்றமும் வேண்டாம் என்றால் வெனிலா போதும்.

ஆட்கள் அதிகம், பிளகின் வேண்டும், லேக் கூடாது என்றால் பேப்பர். ஒரு எச்சரிக்கை: டிஎன்டியை நகலெடுப்பது போன்ற சில வித்தைகளைப் பேப்பர் இயல்பாகவே தடுத்து வைத்திருக்கும். ரெட்ஸ்டோனில் பெரிய இயந்திரங்கள் கட்டும் நண்பர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

புதிய மிருகங்கள், இயந்திரங்கள் என்று விளையாட்டையே மாற்றும் மாட்கள் வேண்டுமென்றால் ஃபேப்ரிக், ஃபோர்ஜ் அல்லது 2023-ல் ஃபோர்ஜிலிருந்து பிரிந்த நியோஃபோர்ஜ். மாட் எதற்காக எழுதப்பட்டதோ அதையே எடுக்க வேண்டும். அத்தகைய மாட்களை ஆடுபவர்களும் தங்கள் கணினியில் போட வேண்டியிருக்கும்.

போனில் ஆடும் நண்பரிடம் இருப்பது பெட்ராக் என்ற வேறு பதிப்பு. நேராக ஜாவா சர்வருக்குள் வர முடியாது. கெய்சர் என்ற பிளகின் நடுவில் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்து அவரை உள்ளே விடும்.

'விளையாட்டுதானே' என்று விடலாமா?

கூடாது. 2021 டிசம்பரில் லாக்4ஷெல் என்ற ஓட்டை உலகையே உலுக்கியது நினைவிருக்கலாம். மைன்கிராஃப்ட் சாட்டில் ஒரு வரி டைப் செய்தாலே அடுத்தவர் சர்வரில் தன் கோடை ஓட்டிவிட முடிந்தது. உடனே அப்டேட் செய்தவர்கள் தப்பித்தார்கள். யாரும் பராமரிக்காத பழைய மென்பொருளில் இருந்தவர்களுக்கு அப்டேட்டே வரவில்லை.

2023 ஜூனில் இன்னொரு சம்பவம். பிரபல மாட், பிளகின் தளங்களில் சில கணக்குகள் வழியே, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் நிரல் பரவியது. ஆபீஸ் லேப்டாப்பில் சர்வர் ஓட்டுபவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

வீட்டிலேயே ஓட்டலாமா?

இந்தியாவில் பல இணைய இணைப்புகளில் உங்களுக்கென்று தனி பொது ஐபி முகவரி கிடைக்காது. பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்கின்றன. ரவுட்டரில் 25565 போர்ட்டைத் திறந்து வைத்தாலும் நண்பர்களால் உள்ளே வர முடியாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இணைய நிறுவனத்திடம் நிலையான ஐபி கேளுங்கள், அல்லது மும்பை போன்ற இந்திய நகரில் உள்ள சர்வரை வாடகைக்கு எடுங்கள். ஐரோப்பாவில் மலிவாகக் கிடைக்கிறதே என்று போனால், நீங்கள் உடைக்கும் ஒவ்வொரு கல்லும் தாமதமாக உடையும்.

எதை எடுத்தாலும் இரண்டு விஷயம். முதலில், அந்தத் திட்டத்தின் அதிகாரபூர்வ தளத்தில் கடைசி அப்டேட் எப்போது வந்தது என்று பாருங்கள். மாதக்கணக்கில் அசைவே இல்லை என்றால் வேண்டாம். அடுத்து, ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன் சர்வரை நிறுத்திவிட்டு உலகக் கோப்புறையை வேறு இடத்தில் நகல் எடுங்கள். புதிய பதிப்பில் ஒருமுறை திறந்த உலகத்தைப் பழைய பதிப்புக்குப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. சர்வர் மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் மறுபடி டவுன்லோடு செய்துகொள்ளலாம். ஆறு மாதம் சேர்ந்து கட்டிய ஊரை அப்படிச் செய்ய முடியாது.