பொருந்தக் கூடாத குழாய்கள்

2009 ஜூலையில் மாட்ரிட் நகரின் கிரெகோரியோ மாரன்யோன் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தை ஒன்று இறந்தது. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போயிருக்க வேண்டிய பாலை ரத்தநாளத்தில் ஏற்றிவிட்டார்கள். செவிலியர் அந்தப் பிரிவுக்குப் புதியவர். பழி அவர்மீது விழுந்தது. பால் வந்த குழாய் ரத்தநாளக் குழாயில் ஏன் பொருந்தியது? முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்.

பொருந்தியதற்குக் காரணம், 'லூயர்' எனும் இணைப்பு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் கண்ணாடி சிரிஞ்சுக்காக வந்தது. 6 சதவீதம் சரியும் சின்னஞ்சிறு கூம்பு. செருகி லேசாகத் திருகினால் கசியாது. அருமையான வடிவமைப்புதான், மறுப்பதற்கில்லை. அதனாலேயே ட்ரிப்ஸ், முதுகில் போடும் எபிடூரல், உணவுக்குழாய், ரத்த அழுத்தப் பட்டையின் காற்றுக்குழாய் என்று எல்லாவற்றிலும் புகுந்துவிட்டது. எதை வேண்டுமானாலும் எதனோடும் மாட்டலாம் என்றாகிவிட்டது.

நம் ஊரில் பச்சிளங்குழந்தைகளுக்குப் போடும் ஃபீடிங் டியூபின் வெளிமுனையைப் பாருங்கள். ஊசி போடும் அதே சிரிஞ்சு பலவற்றில் கச்சிதமாக உட்காரும். சிரிஞ்சில் பால், ஒரு சாண் தள்ளி, குழந்தையின் கை ரத்தநாளத்தில் வென்ஃப்ளான் ஊசி. இரவு டூட்டியில், மங்கிய வெளிச்சத்தில், ஒரே செவிலியர் பல குழந்தைகளைப் பார்க்கிறார். குழாயைத் தொடங்கும் இடம்வரை தடவிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள் என்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால், களைத்த மனிதரின் கவனத்தை மட்டும் நம்புவது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது.

மயக்கவியல் துறை இதை எப்போதோ புரிந்துகொண்டது. சிறிய ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வில் 2, 5ஆம் இடங்களில் துளைகள். நைட்ரஸ் ஆக்சைடுக்கு 3, 5. மாற்றி வைத்தால் மயக்க இயந்திரத்தின் ஊசிகள் துளையில் இறங்காது. மருத்துவக் குழாய் இணைப்புகளுக்கான ஐஎஸ்ஓ 80369 தரநிலைத் தொடரின் அடிப்படையும் அதுவே. உணவுக்குழாய்க்கான 'என்ஃபிட்' இணைப்பில் ஆண் முனை குழாயிலும் பெண் முனை சிரிஞ்சிலுமாக, லூயருக்கு நேர்மாறாக இருக்கும். எபிடூரலுக்கான 'என்ஆர்ஃபிட்', லூயரைவிடச் சுமார் 20 சதவீதம் ஒடுக்கம். கலிஃபோர்னியாவில், மாறி மாட்டக்கூடிய இணைப்புகளுக்கு 2016 முதல் சட்டமே தடை விதிக்கிறது.

இவற்றுக்கு மாறினால் விலை கூடும் என்பார்கள். முதலில் கூடத்தான் செய்யும். எனக்கு அதைவிடப் பெரிய பயம் அடாப்டர்தான். பழைய குழாயையும் புதிய சிரிஞ்சையும் சேர்க்கும் அந்தச் சிறு துண்டு வார்டில் கிடக்கும்வரை, எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்திக்கொண்டே இருக்கும். ஆகவே மாற்றுவதானால், ஒரு மருத்துவமனைக்குள் குழாய், சிரிஞ்சு, செட் அனைத்தையும் ஒரே வீச்சில் மாற்ற வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளையும் சாதனங்களையும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்குகிறது. பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்கான அடுத்த டெண்டரில், லூயர் முனையுள்ள உணவுக்குழாய் ஏற்கப்படாது என்று கழகம் ஒரு வரி சேர்க்கட்டும்.